பந்தமும் ஒப்பந்தமும்: ஃபெர்டினாண்ட் டோன்னீஸின் சமூகவியல்

சமூகவியல் பாடநூல்களில் மார்க்ஸுக்கும் துர்கைமுக்கும் மாக்ஸ் வெபருக்கும் தனித்தனி அத்தியாயங்கள் உண்டு. ஃபெர்டினாண்ட் டோன்னீஸுக்கு அரைப் பக்கம் கிடைத்தால் அதிகம். அந்த அரைப் பக்கத்திலும் ஒரே சித்திரம்தான்: கிராமத்து வாழ்வை நினைத்து ஏங்கியவர், நகரத்தின் வருகையைக் கண்டு வருந்தியவர். ஜெர்மன் சமூகவியல் சங்கத்தை 1909இல் நிறுவியவர்களுள் ஒருவர் அவர். 1933 வரை அதன் தலைமையில் இருந்தவரும் அவரே. மனிதர்கள் கூடி வாழும் விதங்களைப் பிரித்தறிய இத்துறை இன்றுவரை பயன்படுத்தும் அடிப்படைக் கருத்திணையைத் தந்தவரும் அவரே. இத்தகையவரைப் பழமைக்கு ஏங்கியவர் என்று சுருக்கிவிடுவது அவரது நூலுக்கும் வாழ்க்கைக்கும் பொருந்தாது.

அவருடைய நூல், அவர் நடத்திய கள ஆய்வுகள், அவர் எடுத்த அரசியல் நிலைப்பாடுகள் ஆகிய மூன்றையும் சேர்த்துப் படித்தால் வேறொரு டோன்னீஸ் தெரிகிறார். மனிதர்களைப் பிணைக்கும் பந்தம் எங்கிருந்து பிறக்கிறது, எந்த நிலையில் அறுகிறது, யாரால் போலியாகச் செய்யப்படுகிறது என்று ஆராய்ந்தவர் அவர். இந்தக் கடைசிக் கேள்விக்காக அவர் முதுமையில் பெரும் விலை கொடுத்தார்.

கடலணைக்குள் ஒரு பிறப்பு

டோன்னீஸ் 1855 ஜூலை 26 அன்று, வடகடலை ஒட்டிய ஐடர்ஸ்டெட் தீபகற்பத்தில், ஓல்டன்ஸ்வோர்ட் என்ற ஊர்ப்பகுதியில் ஒரு வசதியான விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். தாய் லூத்தரன் பாதிரியார் மரபில் வந்தவர். ஷ்லெஸ்விக் பகுதி அப்போது டென்மார்க் மன்னரின் ஆளுகையில் இருந்தது. 1864 போருக்குப் பிறகு அது பிரஷ்யாவின் கைக்குப் போனது.

ஐடர்ஸ்டெட் கடலிடமிருந்து மீட்கப்பட்ட சதுப்பு நிலம். சுற்றிலும் மண்ணால் எழுப்பிய கடலணைகள் நின்றால்தான் ஊர் நிற்கும். அணையின் ஒவ்வொரு பகுதியையும் பராமரிக்கும் கடமை அதற்குரிய நிலத்தை வைத்திருப்பவனுடையது. இந்தக் கரையோரத்தின் பழைய அணைச் சட்டத்தில் மண்வெட்டி பற்றி ஒரு விதி இருந்தது. தன் பங்கு அணையைப் பேண முடியாதவன் அதில் மண்வெட்டியை ஊன்றிவிட்டு நிலத்தை விட்டுப் போக வேண்டும். அந்த மண்வெட்டியைப் பிடுங்குகிறவனுக்கு நிலமும் சேரும், கடமையும் சேரும். கூட்டு வாழ்வு அங்கே உயிர்த் தேவை. அதற்கு இரக்கமில்லாத ஒரு முகமும் இருந்தது. அந்த நிலத்தில் பண்ணையடிமை முறை வேரூன்றவில்லை. விவசாயிகள் நெடுங்காலம் தங்கள் காரியங்களைத் தாங்களே நிர்வகித்துப் பழகியவர்கள்.

டோன்னீஸுக்குப் பத்து வயது ஆகும் தறுவாயில் குடும்பம் ஹூசும் என்ற சிறு துறைமுக நகருக்குக் குடிபெயர்ந்தது. தந்தை நிதி முதலீடுகளில் இறங்கினார். பிரஷ்ய நிர்வாகமும் புதிய வணிகமும் வந்து சேர்ந்த காலம் அது. ஹூசுமில்தான் கவிஞரும் நீதிபதியுமான தியோடோர் ஷ்டோர்மின் நட்பு கிடைத்தது. ஷ்டோர்ம் தொகுத்த கவிதைத் தொகுப்பு ஒன்றுக்குப் பள்ளி மாணவனான டோன்னீஸ் மெய்ப்புத் திருத்த உதவினான். நிலத்தோடு கட்டுண்ட வாழ்வையும் பணத்தோடு ஓடும் வாழ்வையும் இருபது வயதுக்குள் உள்ளிருந்து பார்த்துவிட்டவர் அவர்.

ஹாப்ஸைத் தேடி

ஸ்ட்ராஸ்பர்க், யேனா, பான், லைப்சிக், டூபிங்கன் என்று பல பல்கலைக்கழகங்களில் படித்து, 1877இல் டூபிங்கனில் செவ்வியல் மொழித் துறையில் முனைவர் பட்டம் பெற்றார். ஆய்வுப் பொருள், எகிப்தின் அம்மோன் தெய்வம். அங்கிருந்து அவரைத் தத்துவத்தின் பக்கம் திருப்பியவர் நண்பரும் ஆசிரியருமான ஃப்ரீட்ரிஷ் பால்சன். பதினேழாம் நூற்றாண்டு ஆங்கிலேயத் தத்துவவாதி தாமஸ் ஹாப்ஸைப் படிக்கும்படி அவர்தான் தூண்டினார்.

1878இல் டோன்னீஸ் இங்கிலாந்துக்குப் போனார். லண்டனில் பிரிட்டிஷ் மியூசியத்திலும் ஆக்ஸ்ஃபோர்டிலும் ஹாப்ஸின் புரவலர்களான டெவன்ஷயர் குடும்பத்தாரின் சேகரிப்பிலும் கையெழுத்துப் படிகளைத் தேடினார். ஹாப்ஸ் 1640இல் எழுதிப் படிகளாகச் சுற்றுக்கு விட்ட நூல் ஒன்று, 1650இல் இரண்டு தனி நூல்களாக அச்சாகியிருந்தது. இரண்டு நூற்றாண்டுகளுக்கும் மேலாக யாரும் அதைச் சரிபார்க்கவில்லை. டோன்னீஸ் படிகளை ஒப்பிட்டு, இரண்டும் ஒரே நூலின் பாதிகள் என்று நிறுவினார். 'தி எலிமெண்ட்ஸ் ஆஃப் லா' என்ற அந்த நூலை அதன் முழு வடிவில் 1889இல் பதிப்பித்தார். அதே ஆண்டு ஹாப்ஸின் 'பெஹிமத்' நூலையும் கையெழுத்துப் படியிலிருந்து பதிப்பித்தார். ஆங்கிலேய அரசியல் சிந்தனையின் மூல பாடங்களை ஆங்கிலேயர்களுக்கே மீட்டுக் கொடுத்தவர் முப்பத்து நான்கு வயது ஜெர்மானியர்.

இந்தத் தேடல்தான் அவருடைய சமூகவியலுக்கும் விதை. தனி மனிதர்களே முதலில் இருக்கிறார்கள், அச்சத்தாலும் தன்னலத்தாலும் அவர்கள் ஓர் உடன்படிக்கைக்கு வருகிறார்கள், அதிலிருந்து அரசு பிறக்கிறது என்பது ஹாப்ஸின் கொள்கை. மறுபக்கம், ஹென்றி மெய்னும் ஓட்டோ ஃபான் கீர்க்கவும் சட்ட வரலாற்றைத் துருவி, குடும்பமும் குலமும் ஊருமே முதலில் இருந்தவை, தனி மனிதன் வெகு பின்னால் வந்தவன் என்று காட்டியிருந்தார்கள். யார் சொல்வது சரி? டோன்னீஸின் மேதைமை அந்தக் கேள்வியையே மாற்றியதில் இருக்கிறது. இரு தரப்பும் மனித உறவின் இரண்டு வேறு வகைகளை விவரிக்கின்றன என்றார் அவர். ஒரு வகைக்கு மெய்னின் விவரிப்பு பொருந்தும். மற்றதற்கு ஹாப்ஸின் கொள்கை அச்சொட்டாகப் பொருந்தும்.

நூலின் உள்ளே

இந்தச் சிந்தனையின் முதல் வரைவைக் கீல் பல்கலைக்கழகத்தில் ஆசிரியத் தகுதிக்காக 1881இல் சமர்ப்பித்தார். ஆறு ஆண்டுகள் கழித்து, 1887இல், லைப்சிக்கில் 'கெமைன்ஷாஃப்ட் உண்ட் கெசெல்ஷாஃப்ட்' நூலாக வெளிவந்தது. கெமைன்ஷாஃப்ட் என்ற முதல் வகையைப் பந்தச் சமூகம் என்றும் கெசெல்ஷாஃப்ட் என்ற இரண்டாவதை ஒப்பந்தச் சமூகம் என்றும் இங்கே குறிப்பிடுகிறேன்.

பந்தச் சமூகத்துக்கு மூன்று ஊற்றுகளைச் சொல்கிறார். முதலாவது இரத்தம்: தாயும் பிள்ளையும், கணவனும் மனைவியும், உடன்பிறந்தார். இரண்டாவது இடம்: ஒரே ஊரில், ஒரே வயல்வெளியில், ஒருவர் கூரை அடுத்தவர் கூரையைத் தொட வாழ்பவர்கள். மூன்றாவது மனம்: ஒரே தொழிலாலும் ஒரே நம்பிக்கையாலும் இணைந்த நண்பர்கள். இந்த மூன்றாவது வகைக்கு அவர் தரும் எடுத்துக்காட்டு இடைக்கால நகரத்தின் கைவினைஞர் சங்கம். பந்தம் கிராமத்துக்கு மட்டும் உரியது என்று அவர் சொல்லவே இல்லை என்பதற்கு இதுவே போதும்.

ஒப்பந்தச் சமூகத்தில் ஒவ்வொருவரும் தனியர். ஒருவர் மற்றவருக்கு ஒன்றைக் கொடுக்கிறார் என்றால், அதற்கு ஈடானதோ மேலானதோ திரும்பி வரும் என்ற கணக்கோடுதான் கொடுக்கிறார். வணிகரே இதன் முன்மாதிரி மனிதர். பணம், கடன் பத்திரம், பங்குக் கம்பெனி, சட்டப் புத்தகம் ஆகியவை இதன் உறுப்புகள். முதல் வகையில் மனிதர்கள் எத்தனை பிரிந்தாலும் அடியில் இணைந்தே இருக்கிறார்கள், இரண்டாவதில் எத்தனை இணைந்தாலும் அடியில் பிரிந்தே இருக்கிறார்கள் என்பது அவர் தரும் புகழ்பெற்ற வரையறையின் சாரம்.

நூலின் இரண்டாம் பகுதியைப் பாடநூல்கள் பெரும்பாலும் தாண்டிப் போய்விடுகின்றன. உண்மையில் அதுதான் நூலின் அச்சாணி. சமூக உறவுகள் அனைத்தும் மனித விழைவிலிருந்து பிறப்பவை என்கிறார் டோன்னீஸ். மனிதர்கள் விரும்பி ஏற்பதால்தான் உறவு உறவாக இருக்கிறது. அந்த விழைவு இரண்டு வகை. இயல்பு விழைவில் நோக்கத்தையும் வழியையும் பிரிக்க முடியாது. பழக்கத்திலும் நினைவிலும் விருப்பிலும் அது வேர்விட்டிருக்கும். நண்பனைப் பார்க்கப் போகிறவனுக்குப் போவதே பலன். தேர்வு விழைவில் நோக்கம் தனியே நிற்கும். அதை அடையக் குறைந்த செலவில் எது வழி என்று அறிவு கணக்கிடும். அதே நண்பனிடம் கடன் கேட்கும் எண்ணத்தோடு போகும்போது போக்கு ஒன்றுதான், விழைவு வேறு.

பந்தம், ஒப்பந்தம் என்ற இந்த இரண்டும் தூய வடிவில் உலகில் எங்கும் கிடையாது என்பதையும் அவர் திரும்பத் திரும்பச் சொன்னார். அவை உண்மை நிலையை அளக்க உதவும் அளவுகோல்கள். எந்தக் குடும்பத்திலும் கணக்கு உண்டு. எந்தக் கம்பெனியிலும் நட்பு முளைக்கும். ஆய்வாளரின் வேலை, ஓர் உறவில் எது எவ்வளவு, எந்தப் பக்கம் சாய்கிறது என்று காண்பது. வெபர் பின்னாளில் வகுத்த 'கருத்துரு வகை' என்ற முறையியல் இதற்கு மிக நெருக்கமானது. பந்தமாதல், ஒப்பந்தமாதல் என்ற இரு போக்குகளை வெபர் தம் பெருநூலில் விவரிக்கையில் டோன்னீஸின் நூலைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறார்.

நூல் வெளிவந்தபோது வரவேற்பு மிகக் குறைவு. இரண்டாம் பதிப்பு வர 25 ஆண்டுகள் ஆயின. முதல் பதிப்பின் துணைத்தலைப்பில் கம்யூனிசம், சோஷலிசம் என்ற சொற்கள் இருந்தன. 1912 பதிப்பில் அவை போய், தூய சமூகவியலின் அடிப்படைக் கருத்துகள் என்ற துணைத்தலைப்பு வந்தது.

ஹாம்பர்க் துறைமுகம்

டோன்னீஸை நூலகத்துச் சிந்தனையாளராக மட்டும் எண்ணுகிறவர்கள் 1896-97 குளிர்காலத்து ஹாம்பர்க்கைப் பார்க்க வேண்டும்.

ஹாம்பர்க் 1888இல் ஜெர்மன் சுங்க ஒன்றியத்தில் சேர்ந்தது. அதற்காகத் துறைமுகத்தை ஒட்டிப் பிரம்மாண்டமான கிடங்கு வளாகம் எழுந்தது. அங்கே குடியிருந்த ஏறத்தாழ 20,000 பேர் வெளியேற்றப்பட்டார்கள். துறைமுகத் தொழிலாளர்கள் வேலையிடத்திலிருந்து தொலைவில் குடியேற வேண்டியதாயிற்று. பெரும்பாலோருக்கு வேலை அன்றாடக் கூலி வேலை. அதையும் இடைத்தரகர்களே பிரித்துக் கொடுத்தார்கள், அதுவும் பல நேரம் மதுக்கடைகளில் வைத்து. வேலை வேண்டுமானால் அங்கே காத்திருக்க வேண்டும், குடிக்கவும் வேண்டும். கப்பல் வந்துவிட்டால் இரவு பகல் பாராமல் தொடர்ந்து உழைக்க வேண்டும். கப்பல் இல்லாத நாளில் வருமானமும் இல்லை. 1892இல் இதே நகரில் காலரா 8,000க்கும் மேற்பட்டோரைக் கொன்றிருந்தது.

1896 நவம்பர் 21 அன்று வேலைநிறுத்தம் தொடங்கியது. உச்சத்தில் 16,000க்கும் மேற்பட்டோர் பங்கேற்றார்கள். சமரசப் பேச்சை முதலாளிகள் ஏற்கவில்லை. பேரரசர் இரண்டாம் வில்ஹெல்மும் அவர்கள் பக்கமே நின்றார். கடுங்குளிரில் பதினொரு வாரம் தாக்குப்பிடித்து, 1897 பிப்ரவரி 6 அன்று தொழிலாளர்கள் தோல்வியோடு திரும்பினார்கள்.

டோன்னீஸ் துறைமுகத் தொழிலாளர்கள், மாலுமிகள் ஆகியோரின் நிலையையும் வேலைநிறுத்தத்தின் போக்கையும் ஆராய்ந்து, ஹைன்ரிஷ் பிரவுன் நடத்திய சமூகச் சட்ட, புள்ளியியல் இதழில் விரிவான கட்டுரைகளாக எழுதினார். பின்னாளில் வெபரின் கைக்கு வந்து புகழ்பெற்றது இதே இதழ்தான். எந்த வகைத் தொழிலாளிக்கு என்ன கூலி, யார் அமர்த்துகிறார்கள், எத்தனை மணி நேரம் என்று பிரித்துப் பிரித்துக் காட்டினார். குறைகள் உண்மையானவை என்று துணிந்து சொன்னார். வேலைநிறுத்தத்துக்குப் பின் நகர ஆட்சி மன்றம் அமைத்த விசாரணைக் குழுவும் அக்குறைகளில் பலவற்றை உறுதிசெய்தது.

அவரது கருத்தாக்கத்தின் வழியே இந்த நிகழ்வைப் படித்தால் முக்கியமான ஒன்று புலப்படும். துறைமுகத்தின் நாள்கூலி முறைதான் ஒப்பந்தச் சமூகத்தின் உச்ச வடிவம். காலையில் தொடங்கி மாலையில் முடியும் உறவு, எந்தப் பொறுப்பும் மிஞ்சாத உறவு. அந்த இடத்திலேயே, ஒரே குலமோ ஒரே ஊரோ இல்லாத ஆயிரக்கணக்கானோர், பட்டினியைப் பங்கிட்டுக்கொள்ளும் அளவுக்குப் பிணைந்தார்கள். பந்தம் பழைய கிராமத்தோடு செத்துவிடவில்லை. ஒப்பந்த உலகின் நடுவிலேயே, பொது நிலைமையிலிருந்து, மனத்தின் இணைப்பாக அது புதிதாகப் பிறக்க முடியும். தொழிற்சங்கங்களிலும் நுகர்வோர் கூட்டுறவு இயக்கத்திலும் டோன்னீஸ் கண்ட நம்பிக்கை இதுதான். 1912 பதிப்பில், பந்தச் சமூகத்தின் நெறி புதிய பொருளாதாரத்துக்கு ஏற்ற வடிவில் கூட்டுறவுகளில் மீண்டும் உயிர்பெறுகிறது என்று சேர்த்து எழுதினார். வேலைநிறுத்தம் தோற்ற அதே ஹாம்பர்க்கில் தொழிலாளர்கள் 1899இல் 'ப்ரொடுக்ட்சியோன்' என்ற கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார்கள்.

தாமதமாக வந்த நாற்காலி

தொழிலாளர் பக்கம் நின்ற இந்த நிலைப்பாட்டுக்கு விலை இருந்தது. பிரஷ்யப் பல்கலைக்கழக நியமனங்களைத் தன் கையில் வைத்திருந்த ஃப்ரீட்ரிஷ் ஆல்தாஃப் என்ற அதிகாரி டோன்னீஸைச் சந்தேகக் கண்ணோடு பார்த்தார். மதச்சார்பற்ற அறநெறியைப் பேசிய ஜெர்மன் அறநெறிப் பண்பாட்டுச் சங்கத்திலிருந்து விலகினால் பேராசிரியர் பதவிக்கு வழி பிறக்கும் என்று உணர்த்தப்பட்டது. டோன்னீஸ் விலகவில்லை. 1881இல் ஆசிரியத் தகுதி பெற்றவருக்கு முழுப் பேராசிரியர் பதவி 1913இல்தான் கிடைத்தது. அதுவும் சமூகவியலில் இல்லை, பொருளாதாரத்திலும் அரசறிவியலிலும்தான். 1916இல் தாமே கேட்டு ஓய்வு பெற்று, பின்னர் 1920களில் சமூகவியல் கற்பிக்கத் திரும்பி வந்தார்.

அவர் வாழ்வில் குறையே இல்லை என்று சொல்வதற்கில்லை. முதல் உலகப் போரில் பெரும்பாலான ஜெர்மன் பேராசிரியர்களைப் போல அவரும் தம் நாட்டுக்காகப் பரப்புரை எழுதினார். இங்கிலாந்தைப் போர்வெறி நாடாகச் சித்தரிக்கும் நூல் ஒன்றை 1915இல் வெளியிட்டார். ஹாப்ஸுக்காக இங்கிலாந்தின் நூலகங்களில் ஊறியவரையும் போர்க்காலத்துத் தேசவுணர்வு விட்டுவைக்கவில்லை.

போருக்குப் பின், 1922இல், 'பொதுக் கருத்தின் விமர்சனம்' என்ற பெருநூல் வந்தது. பந்தச் சமூகத்தில் மதம் வகித்த இடத்தை ஒப்பந்தச் சமூகத்தில் பொதுக் கருத்து வகிக்கிறது என்பது அதன் மையம். பொதுக் கருத்துக்குத் திடம், திரவம், வாயு என்று மூன்று நிலைகளை வகுத்தார். அடிமை முறை தீது என்பது போன்ற கருத்து திட நிலையில் உறைந்தது. அன்றாடம் எழுந்து அடங்கும் ஆவேசம் வாயு நிலையில் இருப்பது. அதைப் பணம் படைத்தவர்களால் பத்திரிகை வழியே ஊதிப் பெருக்க முடியும். அச்சில் வருகிற கருத்து வேறு, மக்கள் உண்மையில் கொண்டிருக்கும் கருத்து வேறு என்று அவர் பிரித்துக் காட்டியது நூறு ஆண்டுகளுக்குப் பின்னும் கூர் மழுங்காமல் இருக்கிறது.

எங்கே அவர் தவறினார்

முதல் ஆழமான விமர்சனம் பிரான்சிலிருந்து வந்தது. துர்கைம் 1889இல் 'கெமைன்ஷாஃப்ட் உண்ட் கெசெல்ஷாஃப்ட்' நூலுக்கு மதிப்புரை எழுதினார். பந்தச் சமூகம் பற்றிய பகுதியோடு பெரிதும் உடன்பட்டவர், நவீனச் சமூகம் வெறும் இயந்திரக் கோவை என்ற சித்திரத்தை மறுத்தார். வேலைப் பிரிவினையே மனிதர்களை ஒருவரையொருவர் சார்ந்து நிற்கச் செய்கிறது, அதுவும் உயிர்ப்புள்ள ஒருமைப்பாடுதான் என்பது அவர் வாதம். 1893இல் வந்த தம் நூலில் பழைய சமூகத்தின் ஒருமைப்பாட்டை இயந்திர வகை என்றும் புதியதன் ஒருமைப்பாட்டை உயிரி வகை என்றும் பெயரிட்டார். பந்தத்தை உயிரி என்றும் ஒப்பந்தத்தை இயந்திரம் என்றும் கண்ட டோன்னீஸின் அடைமொழிகள் அப்படியே இடம் மாறின.

இரண்டாவது குறை, பெண்கள் பற்றியது. இயல்பு விழைவைப் பெண்ணோடும் தேர்வு விழைவை ஆணோடும் அவர் சேர்த்துவைத்தார். பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆண்களின் முன்முடிவு அப்படியே கோட்பாடாகிவிட்ட இடம் அது.

மூன்றாவது குறை நம்மை நேரடியாகத் தொடுவது. கிராமக் கூட்டு வாழ்வு பற்றிய சான்றுகளுக்கு டோன்னீஸ் ஹென்றி மெய்னை நாடினார். மெய்ன் 1862 முதல் 1869 வரை கல்கத்தாவில் வைஸ்ராயின் ஆலோசனை அவையில் சட்ட உறுப்பினராக இருந்தவர். கிழக்கிலும் மேற்கிலும் உள்ள கிராமச் சமுதாயங்கள் பற்றி 1871இல் நூல் எழுதியவர். இந்தியக் கிராமம் பற்றிய அவரது விவரிப்பு, பரம்பரைத் தொழில் பிரிவுகள் உட்பட, ஐரோப்பாவின் தொன்மையை ஊகிக்க ஒரு சாளரமாகப் பயன்பட்டது. ஆனால் அந்தச் சாளரத்தை உருவாக்கியவர்கள் காலனிய அதிகாரிகள். ஊருக்குள் யார் நிலம் வைத்திருக்கலாம், யார் கிணற்றில் நீர் எடுக்கலாம், யார் ஊருக்கு வெளியே ஒதுக்கப்பட்டார் என்ற கேள்விகள் அதில் மங்கிப்போயின. 1948 நவம்பர் 4 அன்று அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர், கிராமங்களைச் சிறு குடியரசுகள் என்று புகழ்ந்த காலனிய அதிகாரி மெட்காஃபின் சித்திரத்தை எடுத்துவைத்தே அதை நிராகரித்தார். தனி மனிதனையே அலகாகக் கொண்டது அரசியல் சாசன வரைவு என்று வரவேற்றார். டோன்னீஸின் மொழியில் சொன்னால், சாதியால் கட்டுண்ட பந்தத்திலிருந்து விடுதலை பெற ஒப்பந்தச் சமூகத்தின் சட்டமும் உரிமையும் தேவைப்பட்டன. பந்தத்துக்குள் இருக்கும் ஆதிக்கத்தை டோன்னீஸ் அறியாதவர் அல்லர். தந்தையின் அதிகாரம், மூத்தோர் அதிகாரம் என்று வகைப்படுத்தினார். அந்த அதிகாரம் பாசத்தால் இளகிவிடும் என்று அவர் அளவுக்கு மீறி நம்பியதுதான் பிழை.

களவுபோன கருத்து

முதல் உலகப் போரில் தோற்ற ஜெர்மனியில் பந்தச் சமூகம் என்ற கருத்து தாகமாக மாறியது. இளைஞர் இயக்கங்களும் வலதுசாரிகளும் அதை முழக்கமாக்கினார்கள். டோன்னீஸின் நூலுக்கு 1920, 1922, 1926 என்று அடுத்தடுத்துப் பதிப்புகள் வந்தன. பலரும் அதை விமர்சனமில்லாத வேதமாக வாசித்தார்கள். ஹெல்முட் ப்ளெஸ்னர் என்ற தத்துவவாதி 1924இல் ஒரு நூல் எழுதி, பந்தத்தின் பெயரால் தனி மனிதனின் இடைவெளியையும் கண்ணியத்தையும் அழிக்கும் வெறி குறித்து எச்சரித்தார்.

டோன்னீஸ் தம் கருத்து போகும் திசையைக் கண்டு ஒதுங்கி நிற்கவில்லை. நெடுங்காலம் வெளியிலிருந்து ஆதரித்த சமூக ஜனநாயகக் கட்சியில் 1930இல் உறுப்பினரானார். நாஜிகளுக்கு எதிராகக் கீல் நகரத் தொழிலாளர் பத்திரிகையில் எழுதினார். 1932 ஜூலைத் தேர்தலில் அவரது சொந்த மண்ணான ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைனில் நாஜிக் கட்சி 51 விழுக்காடு வாக்குகளைப் பெற்றது. நாட்டில் வேறெந்தத் தேர்தல் மாவட்டத்திலும் அது பாதியைத் தாண்டவில்லை. அவருடைய மருமகன் ருடால்ஃப் ஹெபர்லே என்ற சமூகவியலாளர், அந்த மாநிலத்துக் கிராமங்கள் ஏன் நாஜிகளிடம் போயின என்று வட்டாரம் வட்டாரமாக ஆராய்ந்தார். கடனிலும் சந்தை விலையின் ஏற்ற இறக்கத்திலும் சிக்கிய விவசாயிகள், இழந்த பந்தத்தை மீட்டுத் தருவதாகச் சொன்னவர்களை நம்பினார்கள். அந்த ஆய்வை அப்போது ஜெர்மனியில் வெளியிட முடியவில்லை. ஹெபர்லே அமெரிக்காவுக்குப் புலம்பெயர்ந்த பிறகு, 1945இல் ஆங்கிலத்தில் வந்தது.

1933 பிப்ரவரியில், ஹிட்லர் பிரதமராகிச் சில வாரங்களே ஆன நிலையில், பெர்லினில் பேச்சுச் சுதந்திரத்துக்காக நடந்த மாநாட்டில் 77 வயது டோன்னீஸ் கற்பித்தல் சுதந்திரம் பற்றிப் பேசினார். அந்த மாநாட்டைப் போலீஸ் கலைத்தது. அதே ஆண்டு புதிய அரசுப் பணிச் சட்டத்தின்கீழ் அவர் நீக்கப்பட்டார். ஓய்வூதிய உரிமை பறிபோனது. அவர் ஏறத்தாழக் கால் நூற்றாண்டு தலைமை தாங்கிய சமூகவியல் சங்கம் ஹான்ஸ் ஃப்ரையரின் தலைமைக்குப் போய், விரைவில் செயலற்றுப்போனது. டோன்னீஸ் 1936 ஏப்ரல் 9 அன்று கீலில் வறுமையில் இறந்தார்.

நாஜி ஆட்சியின் முதன்மை முழக்கம் 'மக்கள் பந்தச் சமூகம்'. அந்த முழக்கத்தோடு அவர்கள் செய்தவற்றை வரிசையாகப் பார்க்க வேண்டும். 1933 மே 2 அன்று தொழிற்சங்க அலுவலகங்களைக் கைப்பற்றினார்கள். ஜூனில் சமூக ஜனநாயகக் கட்சியைத் தடைசெய்தார்கள். தொழிலாளர் கூட்டுறவுகளைத் தங்கள் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தார்கள். யூதர்களை அயல்வீட்டுக்காரர்களிடமிருந்து பிரித்தார்கள். அதாவது, இடத்தாலும் மனத்தாலும் உண்மையாக முளைத்திருந்த பந்தங்களை ஒவ்வொன்றாக வேரறுத்துவிட்டு, அந்த வெற்றிடத்தில் ஒரே தலைவனுக்குக் கீழ்ப்படிதல் என்ற ஒன்றை நட்டு, அதற்குப் பந்தம் என்று பெயரிட்டார்கள். டோன்னீஸின் கோட்பாட்டைப் புரிந்துகொண்டவருக்கு இந்தப் போலி உடனே தெரியும். பந்தம் இயல்பு விழைவிலிருந்து, சேர்ந்து வாழ்ந்த காலத்திலிருந்து, கீழிருந்து வளர்வது. அரசாணையால் உண்டாக்கப்படுவது, குறிப்பிட்ட நோக்கத்துக்காகக் கணக்கிட்டுத் திரட்டப்படுவது, தேர்வு விழைவின் கருவி. எத்தனை உறவுச்சொற்களால் அலங்கரித்தாலும் அதன் தன்மை மாறாது.

டோன்னீஸை இன்று படிக்க இதுவே முதற்காரணம். நிறுவனம் தன் ஊழியர்களை ஒரே குடும்பம் என்று அழைக்கிறது. கட்சி தன் தொண்டர்களை உடன்பிறப்புகள் என்கிறது. சாதிச் சங்கமும் மத அமைப்பும் தம் மக்களைச் சொந்தம் என்கின்றன. அந்த அழைப்புகள் எல்லாம் பொய் என்று அவர் சொல்லமாட்டார். சோதித்துப் பார்க்கச் சொல்வார். உங்களுக்கு நோய் வந்தால் அந்தக் குடும்பம் வந்து நிற்குமா? மாற்றுக் கருத்துச் சொன்ன பிறகும் அங்கே உங்களுக்கு இடம் உண்டா? வெளியாள் ஒருவரைப் பகைக்காமல் அதனால் தன்னைச் சொந்தம் என்று உணர முடிகிறதா? இந்தக் கேள்விகளுக்கு ஆம் என்று பதில் வந்தால் அது பந்தம். இல்லையென்றால், அங்கே உங்களைக் காக்கப்போவது எழுதிக் கையெழுத்திட்ட ஒப்பந்தமும் சட்டம் தரும் உரிமையும்தான். அவற்றைப் பாசத்தின் பெயரால் விட்டுக்கொடுத்துவிடாதீர்கள்.